பிராட்பேண்டோடு வரும் வீட்டு போன்: எந்த அழைப்புத் திட்டம், எதற்கு?

பிரிட்டனில் பிராட்பேண்டு ஒப்பந்தம் போடும்போது வேகம், மாத விலை, ரவுட்டர் எல்லாம் முடிவான பிறகு, பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு கேள்வி வரும்: வீட்டு போனுக்கு எந்த அழைப்புத் திட்டம் வேண்டும்? நாலைந்து கட்டங்கள் இருக்கும். ஒன்று அழைத்த அளவுக்குக் காசு, ஒன்று மாலையும் வார இறுதியும், ஒன்று எந்நேரமும், அப்புறம் வெளிநாட்டுக்கு ஒரு தனிச் சேர்க்கை. இப்போது பல இடங்களில் ‘வீட்டு போன் வேண்டாம்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. எதையாவது தட்டிவிட்டு மேலே போய்விடத்தான் எல்லாருக்கும் தோன்றும். அப்படித் தட்டியது 18 அல்லது 24 மாதம் கூடவே வரும்.

குழப்பத்தின் ஒரு பகுதி, நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் பிராட்பேண்டு விலையைப் பெரிய எழுத்திலும் லைன் வாடகையைப் பொடி எழுத்திலும் போடுவார்கள். 2016 அக்டோபர் 31 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகத்தான் விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் கட்டுப்படுத்தியது. லைன் வாடகை கண்ணிலிருந்து மறைந்தது. ‘லைனும் சேர்த்துத்தான்’ என்று படித்தவர்கள், அந்த லைனில் பேசுவதும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் லைன் இருப்பதற்கும் அதிலிருந்து அழைப்பதற்கும் கணக்கு வேறு வேறு. முதல் பில்லில் 15 பவுண்டு கூடுதலாக வந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணத்தை வைத்துத் திட்டங்களை ஒப்பிட்டால் தவறான பதில்தான் கிடைக்கும். எந்தத் திட்டமாக இருந்தாலும், அதற்கு வெளியே விழும் அழைப்புகள்தான் பில்லை ஏற்றுகின்றன. அதனால் திட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, உங்கள் வீட்டு அழைப்புகளில் எவை வெளியே விழும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## முதலில் எதையெல்லாம் பார்ப்பது

எந்த எண்களுக்கு அழைக்கிறீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். திட்டங்களில் ‘பிரிட்டன் லேண்ட்லைன்கள்’ என்று சொன்னால் 01, 02, 03 என்று தொடங்கும் எண்கள். 03 எண்ணுக்கு 01, 02-க்கு என்ன கட்டணமோ அதேதான் போட வேண்டும். இலவச நிமிடங்களிலும் அது சேர வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. நகராட்சி, அரசு அலுவலகம், அறக்கட்டளை என்று பல இடங்களில் இப்போது 03 எண்தான். 0800, 0808 இலவசம். 2015 ஜூலை 1-லிருந்து மொபைலிலும் இலவசம். 999, 112, மருத்துவ ஆலோசனைக்கான 111, மின்தடைக்கான 105 இவையும் இலவசம். அவசரமில்லாத காவல்துறை எண் 101-க்கு முன்பு 15 பென்ஸ் வாங்கினார்கள், 2020 ஏப்ரலிலிருந்து அதுவும் கிடையாது.

இனி தொல்லை தரும் எண்கள். 084, 087, 09, 118 என்று தொடங்குபவற்றுக்கு இரண்டு கட்டணம் சேர்ந்து வரும். ஒன்று உங்கள் போன் நிறுவனம் எடுக்கும் அணுகல் கட்டணம். மற்றது நீங்கள் அழைக்கும் நிறுவனத்துக்குப் போகும் சேவைக் கட்டணம். இரண்டாவது 084-க்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரையும், 087-க்கு 13 பென்ஸ் வரையும் இருக்கலாம். 09 எண்களில் நிமிடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் வரை போகும். 118 விசாரணை எண்களுக்கு 2019 ஏப்ரலில் உச்சவரம்பு வைத்த பிறகும், 90 விநாடிக்கு 3 பவுண்டு 65 பென்ஸ் வாங்கலாம். எண்ணைக் கேட்டுவிட்டு ‘இணைத்து விடட்டுமா’ என்பதற்குச் சரி என்று சொல்லிவிட்டால், பேசி முடிக்கும் வரை அந்த மீட்டர் ஓடும்.

07 எல்லாம் மொபைல் என்று நினைக்க வேண்டாம். 070 என்று தொடங்குவது மொபைல் இல்லை; வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் தனிநபர் எண். ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு மொபைல்களும் 07-தான், ஆனால் பல திட்டங்களில் அவை சேராது. 07797, 07781, 07624 ஆகியவை அந்த மூன்று இடங்களிலும் புழங்கும் எண்கள். பார்த்தால் லண்டன் மொபைல் மாதிரியேதான் இருக்கும்.

எவ்வளவு நேரம் என்பதைவிட, எத்தனை தடவை. திட்டத்துக்கு வெளியே விழும் ஒவ்வோர் அழைப்புக்கும் பல நிறுவனங்கள் ஓர் இணைப்புக் கட்டணம் போடும். எதிர்முனையில் எடுத்தவுடன் அது விழுந்துவிடும். அதன் மேல் நிமிடக் கட்டணம். அதையும் முழு நிமிடத்துக்கு மேல்நோக்கிச் சரிசெய்வார்கள். ஓர் உதாரணம்: இணைப்புக் கட்டணம் 25 பென்ஸ், நிமிடத்துக்கு 20 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடமும் ஐந்து விநாடியும் பேசினால் அது இரண்டு நிமிடம். மொத்தம் 65 பென்ஸ். அப்படிப் பத்து குட்டி அழைப்புகள் 6 பவுண்டு 50 பென்ஸ். அதே கணக்கில் அரை மணி நேரம் ஒரே மூச்சில் பேசினால் 6 பவுண்டு 25 பென்ஸ்தான். எதிர்முனையில் பதிவுக் குரல் எடுத்தாலும் எடுத்ததுதான். அதனால் ‘நாங்கள் அதிகம் பேசுவதே இல்லை’ என்று சொல்லும் வீட்டிலும் பில் ஏறும்.

எந்த நேரத்தில். மருத்துவர் அலுவலகம், பள்ளி, வங்கி, நகராட்சி எல்லாம் பகலில்தான் எடுப்பார்கள். இதை மனதில் வையுங்கள், இரண்டாவது திட்டத்தைப் பார்க்கும்போது வேண்டும்.

வீட்டில் யார் அந்த போனைத் தொடுகிறார்கள். எல்லாரும் மொபைலில் இருக்க, அம்மாவோ மாமனாரோ மட்டும் லேண்ட்லைனில் பேசுகிறார்கள் என்றால், அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

எண் வேண்டுமா, அழைப்பு வேண்டுமா. இருபது வருடமாக எல்லாரிடமும் இருக்கும் வீட்டு எண்ணை விட மனம் வராது. ஆனால் அதிலிருந்து யாரும் வெளியே அழைப்பதில்லை. இப்படி நிறைய வீடுகள் உண்டு. உள்ளே வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்பதால், அவர்களுக்கு எந்த அழைப்புத் திட்டமும் தேவையில்லை. லைன் மட்டும் போதும்.

மின்சாரம் போனால் என்ன. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. அந்த வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடிவிடப் போகிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்தே புது இணைப்பு விற்பதை நிறுத்தியாயிற்று. இப்போது தரும் வீட்டு போன் ரவுட்டருக்குப் பின்னால் செருகுவது. ரவுட்டர் அணைந்தால் போனும் அணையும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

## 1. அழைத்த அளவுக்குக் காசு

மாதக் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. திட்டத்தில் எதுவுமே சேராததால், 01 எண்ணுக்குப் பேசினாலும் இணைப்புக் கட்டணமும் நிமிடக் கட்டணமும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு மேலே சொன்ன குட்டி அழைப்புகள்தான். வீட்டு எண்ணுக்கு யாரோ அழைத்துத் தவறிப்போனால், 1471 அழுத்தி, அப்புறம் 3 அழுத்தித் திரும்ப அழைக்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. சில நிறுவனங்களில் அந்த வசதிக்கே தனிக் கட்டணம். அழைத்தவர் யார் என்று திரையில் காட்டுவதற்கும் சில இடங்களில் மாதாமாதம் வாங்குகிறார்கள். தவறிய அழைப்பு வெளிநாட்டு எண்ணாக இருந்தால் திரும்ப அழைக்கவே வேண்டாம். ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைப்பதே, நீங்கள் திரும்ப அழைத்துக் காசு இழப்பதற்காகச் செய்யும் மோசடியாக இருக்கலாம்.

இது யாருக்கு நல்லது? உள்வரும் அழைப்புக்கு மட்டும் எண்ணை வைத்திருப்பவர்களுக்கு. வெளியே அழைப்பது மாதத்துக்கு நாலைந்தைத் தாண்டாதவர்களுக்கு. இப்படி வைத்திருந்தால், காசு வாங்கும் எண்களுக்கு வெளியே அழைப்பதைத் தடுத்துவைக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். விருந்தாளியோ குழந்தையோ தெரியாமல் அழுத்திவிட்டால் வரும் தலைவலி மிச்சம்.

## 2. மாலையும் வார இறுதியும்

எனக்குப் பிடிக்காத திட்டம் இது. விலையில் நடுவில் நிற்பதால் நியாயமாகத் தெரியும். ‘ஒன்றுமே இல்லாததும் வேண்டாம், எல்லாமும் வேண்டாம்’ என்று மனம் தானாக இங்கே வந்து நிற்கும். விற்பவர்களுக்கும் இது தெரியும்.

வார நாட்களில் பெரும்பாலும் இரவு 7 முதல் காலை 7 வரை, அப்புறம் சனி, ஞாயிறு முழுக்க. அந்த நேரத்தில் 01, 02, 03 எண்களுக்குத் தனியாகக் காசு இல்லை. ஒரு காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. மாலையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வீட்டு போனுக்கு அழைத்துத்தான் பேச வேண்டும். இன்று மாலை 7 மணிக்குமேல் நீங்கள் பேசும் ஆட்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். லேண்ட்லைனிலிருந்து கட்டாயம் அழைக்க வேண்டியிருக்கும் அலுவலகங்கள் எல்லாம் 7 மணிக்கு முன்பே மூடிவிடுகின்றன. திட்டம் இலவசமாக்கும் நேரத்தில் அழைக்க ஆளில்லை. அழைக்க வேண்டிய நேரத்தில் திட்டம் இல்லை.

காசு போகும் வழிகளும் உண்டு. 6.50-க்குத் தொடங்கி 7.20 வரை நீளும் அழைப்பு எப்படிக் கணக்காகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வங்கி விடுமுறைத் திங்கட்கிழமை வார இறுதியில் சேருமா என்பதும் அப்படியே. விலைப்பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும். மொபைலுக்கு அழைத்தால் பல திட்டங்களில் இரவோ பகலோ காசுதான்.

யாருக்கு நல்லது என்று கேட்டால், ஒரு வகை வீட்டைச் சொல்வேன். பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வேறு ஊரில் இருக்கும் அக்காவிடமோ சித்தியிடமோ மணிக்கணக்கில் பேசுபவர். அந்த அக்காவிடமும் லேண்ட்லைன் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு இது சரி.

## 3. எந்நேரமும்

பெயரைப் பார்த்தால் இதோடு கவலை தீர்ந்தது போலத் தெரியும். இந்தத் திட்டம் நேரத்தைத்தான் திறந்துவிடுகிறது, எண்களை அல்ல. 084, 087 எண்கள் வெளியேதான் இருக்கும். ஒரு சில திட்டங்கள் 0845, 0870-ஐ மட்டும் சேர்க்கும். பிரிட்டன் மொபைல்கள் சிலதில் உண்டு, சிலதில் இல்லை. அதை மட்டும் இரண்டு தடவை படித்துப் பாருங்கள். இன்று பிளம்பரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாரும் மொபைல் எண்தான் தருகிறார்கள். மொபைல் சேராத எந்நேரத் திட்டத்துக்கு மாதாமாதம் கட்டுவது பாதிச் சாமானுக்கு முழு விலை.

இன்னொன்று, ஒரு மணி நேர வரம்பு. பல திட்டங்களில் ஓர் அழைப்பு 60 நிமிடத்தைத் தாண்டினால், 61-ஆவது நிமிடத்திலிருந்து சாதாரண நிமிடக் கட்டணம் ஓடத் தொடங்கும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. 58-ஆவது நிமிடத்தில் ‘வைக்கிறேன், திரும்ப எடுக்கிறேன்’ என்று வைத்துவிட்டு மறுபடி அழைத்தால் மறுபடி 60 நிமிடம். மேலே போட்ட உதாரணக் கணக்கில், ஒன்றரை மணி நேரம் ஒரே அழைப்பில் பேசினால் 6 பவுண்டு. திட்டத்தில் இருந்துகொண்டே! பெரியவர்கள் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை டைமரை வைத்துவிடுவது மலிவான தீர்வு.

அதையெல்லாம் சொன்ன பிறகும், வயதானவர் ஒருவர் தினமும் பகலில் பல எண்களுக்குச் சுழற்றும் வீட்டுக்கு இதைவிட நிம்மதியான திட்டம் இல்லை. அவரிடம் ‘7 மணிக்கு அப்புறம் பேசுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மருத்துவர் அலுவலகத்தில் காலை 8 மணிக்கு வரிசையில் காத்திருந்து, பாதியில் அறுந்து, திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இணைப்புக் கட்டணம் இல்லை என்பதே அங்கே பெரிய மிச்சம்.

குறைந்த வருமானம் உள்ளவர்கள் இதை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுபவர்களுக்குப் பல நிறுவனங்கள் சோஷியல் டாரிஃப் என்று குறைந்த விலைத் திட்டம் வைத்திருக்கின்றன. சிலவற்றில் அழைப்பு நிமிடங்களும் சேர்ந்தே வரும். கேட்டால்தான் சொல்வார்கள்.

## 4. லேண்ட்லைனே வேண்டாம், மொபைல் போதும்

இப்போது பிராட்பேண்டுக்கு போன் லைன் கட்டாயமில்லை. முழு ஃபைபர் இணைப்பில் போன் ஒரு தனிச் சேர்க்கைதான். செம்புக் கம்பியில் வரும் பிராட்பேண்டையும் போன் இல்லாமல் தனியாக விற்கிறார்கள். எந்நேரத் திட்டத்துக்குக் கொடுக்கும் மாதக் காசுக்கு, பல சமயம் அதைவிடக் குறைவாகவே, அளவில்லாத பிரிட்டன் அழைப்புகளோடு ஒரு சிம் கிடைக்கிறது. 01, 02, 03, 07 எல்லாம் அதில் சேரும். 60 நிமிட வரம்பு சில சிம்களிலும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சிக்னல் வராது என்பவர்களுக்கு வைஃபை காலிங் இருக்கிறது: மொபைல் அழைப்பே வீட்டு வைஃபை வழியாகப் போகும், சிம்மின் நிமிடங்களில்தான் கணக்கு.

செலவைக் கட்டுப்படுத்துவதில் மொபைலுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. புது மொபைல் ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ‘மாதம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது’ என்று பில்லுக்கு வரம்பு வைக்க வசதி தர வேண்டும் என்று 2018 அக்டோபரிலிருந்து சட்டம் இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்தச் சட்டம் இல்லை.

ஆனால் 084, 087 எண்கள் மொபைலில் இன்னும் மோசம். அணுகல் கட்டணம் சில மொபைல் நிறுவனங்களில் நிமிடத்துக்கு 50 பென்ஸைத் தாண்டிவிடும். நல்ல வேளையாக இந்த எண்களுக்கு அழைக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. 2014 ஜூனிலிருந்து, வாங்கிய பொருள் பற்றிப் பேச வாடிக்கையாளருக்குச் சாதாரணக் கட்டண எண்தான் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒரு கடையின் உதவி எண் 087-ஆக இருந்தால், அது விற்பனைக்கான எண்ணாக இருக்கலாம். இணையதளத்தில் இன்னும் கொஞ்சம் தேடினால் 03 எண் ஒன்று கிடைக்கும்.

இழப்பது வீட்டு எண். எண்ணை வேறெங்கும் மாற்றாமல் லைனை விட்டுவிட்டால் எண்ணும் கையை விட்டுப் போகும். மருத்துவமனைப் பதிவு, வங்கிப் பாதுகாப்பு அழைப்பு, ஊரில் உறவுகள் டைரியில் குறித்துவைத்தது, எல்லாம் அந்த எண்ணாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பொத்தான் வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால், அந்தக் கருவியைத் தரும் நிறுவனத்திடம் பேசாமல் இந்த வழிக்கே போக வேண்டாம்.

இளம் தம்பதி, வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாணவர்கள், எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கும் வீடு: இவர்களுக்கு இதுதான் பதில். அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

## 5. எண்ணை மட்டும் இணைய போனுக்கு மாற்றுவது

பலருக்குத் தெரியாத வழி. வீட்டு எண்ணை பிராட்பேண்டு நிறுவனத்திடமிருந்து பிரித்து, வாய்ப் (VoIP) எனும் இணையவழி போன் சேவை தரும் தனி நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். சிறு மாத வாடகை, அழைத்த அளவுக்குக் காசு. இவற்றில் பலவற்றில் இணைப்புக் கட்டணம் கிடையாது, கணக்கும் விநாடிக்கு. மொபைலில் ஒரு செயலி வழியாகப் பேசலாம். பழைய போனையே வைத்துப் பேச வேண்டுமென்றால் ஏடிஏ என்ற சிறு பெட்டி ஒன்று வாங்கி ரவுட்டரோடு இணைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருடாவருடம் பிராட்பேண்டு நிறுவனத்தை மாற்றினாலும் எண் அசையாது. எனக்கு இந்த வழியில் பிடித்ததே அதுதான்.

சிக்கல் மாற்றும்போது வரும். பழைய செம்புக் கம்பி வழி பிராட்பேண்டாக இருந்தால், எண்ணை வெளியே எடுக்கும்போது பிராட்பேண்டும் சேர்ந்தே நின்றுபோகலாம். ஃபைபராக இருந்தாலும், எண் போவதை ஒப்பந்தம் முடித்ததாக எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 999 அழைத்தால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று தெரிவதற்கு, வாய்ப் நிறுவனத்திடம் உங்கள் முகவரி சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். வீடு மாறினால் அதையும் மாற்ற வேண்டும். கருவிகளோடு கொஞ்சம் மல்லுக்கட்டத் தயங்காதவர் வீட்டில் ஒருவராவது இருந்தால்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

## வெளிநாட்டுச் சேர்க்கை தனிக் கதை

நம் வீடுகளில் இந்தக் கேள்வி இல்லாமல் போகாது. எந்தத் திட்டம் எடுத்தாலும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அழைப்பது அதில் சேராது. சேர்க்கை இல்லாமல் லேண்ட்லைனில் நேராக 0091, 0094 சுழற்றினால் வரும் நிமிடக் கட்டணம் மிக அதிகம்.

வெளிநாட்டுச் சேர்க்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால் இலங்கையும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்புறம், அந்த நாட்டில் லேண்ட்லைனுக்கு மட்டுமா, மொபைலுக்குமா? ஊரில் லேண்ட்லைன் வைத்திருப்பவர் எத்தனை பேர்? மொபைல் சேராத சேர்க்கையால் பயன் குறைவு.

லெபாரா, லைக்கா போன்ற சிம்களில் வெளிநாட்டு நிமிடங்களோடு திட்டங்கள் உண்டு. வாட்ஸ்அப் தெரியாத தாத்தா பாட்டியோடு பேச மட்டும் இது வேண்டுமென்றால், லேண்ட்லைன் சேர்க்கையைவிட அந்த சிம் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு. இடைநிலை எண்ணுக்கு அழைத்து அங்கிருந்து ஊருக்குப் போகும் சேவைகள் இன்னும் இருக்கின்றன. அந்த எண் 03-ஆக இருந்தால் சரி. 084, 087-ஆக இருந்தால் ‘மலிவு’ என்ற விளம்பரத்துக்கு மேல் உங்கள் நிறுவனத்தின் அணுகல் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | மாதக் கட்டணம் | குட்டி அழைப்புகள் | பகல் அழைப்பு | வீட்டு எண் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| அழைத்த அளவு | இல்லை அல்லது சிறிது | மிகவும் கடிக்கும் | காசு | இருக்கும் | அழைப்பு வாங்க மட்டும் |
| மாலை, வார இறுதி | நடுத்தரம் | பகலில் கடிக்கும் | காசு | இருக்கும் | மாலையில் லேண்ட்லைனுக்கு நீளப் பேசுபவர் |
| எந்நேரமும் | அதிகம் | 01, 02, 03-க்குக் கவலை இல்லை | சேரும் | இருக்கும் | பகலெல்லாம் அழைக்கும் பெரியவர் |
| மொபைல் மட்டும் | சிம் விலை | கவலை இல்லை | சேரும் | போய்விடும் | எல்லாரிடமும் மொபைல் இருக்கும் வீடு |
| இணைய போன் | சிறு வாடகை | சிறு செலவு | அழைத்த அளவு | இருக்கும், கூடவே வரும் | எண்ணைக் காப்பாற்ற நினைப்பவர் |

## முடிவெடுப்பதற்கு முன்னும் மாற்றும்போதும்

கடைசி மூன்று பில்களை எடுத்து, அழைப்பு விவரப் பக்கத்தில் காசு விழுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: மொபைலுக்கு அழைத்ததா, பகல் நேரமா, 08 எண்ணா, ஒரு மணி நேரத்தைத் தாண்டியதா, வெளிநாடா. எந்தக் காரணம் அதிகமாக வருகிறதோ, அதைத் தீர்க்கும் திட்டம்தான் உங்களுக்கு வேண்டியது. 08 எண்கள்தான் பாதி பில் என்றால் எந்தத் திட்டமும் தீர்க்காது. அந்த நிறுவனங்களின் 03 எண்ணைத் தேடி எழுதி, போன் பக்கத்தில் ஒட்டிவைப்பதுதான் வழி.

ஒப்பந்தம் முடியப்போவதை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. அந்தக் கடிதம் அல்லது மின்னஞ்சல் வரும்போதுதான் உங்கள் கை ஓங்கியிருக்கும். நடுவிலும் அழைப்புச் சேர்க்கையை மட்டும் கழற்ற முடியுமா என்று கேட்கலாம். பிராட்பேண்டு ஒப்பந்தத்தோடு அது கட்டப்படாமல் மாதக் கணக்கில் இருப்பதும் உண்டு. 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில், நடுவில் விலை ஏறுமானால் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எப்போது என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அது மாதக் கட்டணத்துக்குத்தான். திட்டத்துக்கு வெளியே விழும் அழைப்புகளின் விலை தனிப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனம் மாறுவது 2024 செப்டம்பர் 12-லிருந்து சுலபம். புது நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும், பழையதை அவர்களே முடித்துக்கொள்வார்கள். வீட்டு எண்ணும் கூட வர வேண்டும் என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பழைய நிறுவனத்தை அழைத்து நீங்களே முதலில் ரத்து செய்துவிடாதீர்கள், எண்ணை இழப்பதற்கு அது சுலபமான வழி.

டிஜிட்டல் போனுக்கு மாறும் வீட்டில் இன்னும் சில. மாடியிலும் படுக்கையறையிலும் இருக்கும் பழைய சுவர்ச் சாக்கெட்டுகள் வேலை செய்யாமல் போகலாம். கம்பியில்லா போன் செட் ஒன்று தேவைப்படும். சில நிறுவனங்களில் உள்ளூர் எண்ணுக்கும் ஊர்க் குறியீட்டைச் சேர்த்தே அழுத்த வேண்டும், போனில் சேமித்துவைத்த பழைய எண்களைத் திருத்த வேண்டியிருக்கும். வீட்டில் மொபைல் இல்லாதவரோ, மொபைல் சிக்னலே எட்டாதவரோ இருந்தால், மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி செய்து தருவது நிறுவனத்தின் கடமை, அதுவும் இலவசமாக. இதைக் கேட்காமல் பேட்டரிப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

தொலைபேசியில் ஒப்பந்தம் போட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: பிரிட்டன் மொபைல்கள் சேருமா? இணைப்புக் கட்டணம் எவ்வளவு? ஓர் அழைப்பு எத்தனை நிமிடம் வரை? உங்கள் அணுகல் கட்டணம் நிமிடத்துக்கு எத்தனை பென்ஸ்? அழைப்புச் சேர்க்கையைத் தனியாக எப்போது நிறுத்தலாம்? விற்பவர் தரும் பதில்களைச் சுருக்கக் குறிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தச் சுருக்கம் தருவது அவர்களுக்குக் கட்டாயம். வந்த சுருக்கத்தில் சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருந்தால், தொலைபேசியிலோ இணையத்திலோ போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய 14 நாள் அவகாசம் இருக்கிறது.